எஸ்டிமேட்டில் முடிவாகும் சம்பளம்: வாழ்வூதியம் பற்றி ஓர் எளிய விளக்கம்

திருநெல்வேலி மாநகராட்சியில் தச்சநல்லூர், திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று நான்கு மண்டலங்கள், 55 வார்டுகள். விடியுமுன் தெருக் கூட்ட வருகிறவர்களில் ஒருவர் நிரந்தரப் பணியாளர். அவர் பக்கத்திலேயே தள்ளுவண்டியோடு நிற்பவர் காண்ட்ராக்ட் ஆள். ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் வார்டு துடைப்பவர், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர், ஊராட்சியில் குப்பை பிரிப்பவர், கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஒப்பந்தக்காரர் கீழ் வேலை பார்ப்பவர் என்று இந்த வட்டாரத்தில் அரசின் வேலையைச் செய்கிறவர்கள் பல வகை. சம்பளமும் பல வகை. இவர்களில் யாருக்கு எவ்வளவு கொடுத்தால் அது 'வாழப் போதுமான சம்பளம்' ஆகும், அந்தத் தொகை எங்கே முடிவாகிறது, எந்த இடத்தில் குறைகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வாழ்வூதியம் என்பதன் பொருள் எளிது. ஒருவர் சட்டப்படியான வேலை நேரம் மட்டும் உழைத்து, அந்தச் சம்பளத்தில் தன் குடும்பத்துக்குச் சத்தான சாப்பாடு, ஒழுகாத வீடு, உடுப்பு, மருத்துவம், பிள்ளைகள் படிப்பு, பஸ் செலவு, பண்டிகை எல்லாம் பார்த்து, அவசரத்துக்கும் முதுமைக்கும் கொஞ்சம் ஒதுக்க முடிய வேண்டும். ஓவர்டைம் பார்த்துச் சமாளிப்பதும், வட்டிக்கு வாங்கிச் சமாளிப்பதும் கணக்கில் சேராது.

மூன்று படிகள்

சம்பளத்தை மூன்று படிகளாகப் பார்க்கும் வழக்கம் 1949-ல் அறிக்கை கொடுத்த நியாய ஊதியக் குழுவிலிருந்து வருகிறது. கீழ்ப்படி குறைந்தபட்ச ஊதியம், நடுவில் நியாய ஊதியம், மேலே வாழ்வூதியம். கீழ்ப்படிக்குச் சட்டம் உண்டு: முன்பு 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம். மேல்படி அரசமைப்புச் சட்டத்தின் 43-ஆவது பிரிவில் இருக்கிறது. தொழிலாளர் அனைவருக்கும் வாழ்வூதியம் கிடைக்க அரசு முயல வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஆனால் அது அரசுக்கான வழிகாட்டு நெறி. அதை மட்டும் காட்டி நீதிமன்றத்தில் தொகை கேட்க முடியாது.

கீழ்ப்படி அப்படியல்ல. குறைந்தபட்ச ஊதியத்தைக் கொடுக்க வசதியில்லை என்று எந்த வேலையளிப்பவரும் சொல்ல முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1961-லேயே உறுதி செய்துவிட்டது. 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது: குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு. அடுத்த ஆண்டே, வறட்சி நிவாரண வேலையானாலும் அரசு இதைக் குறைக்கக் கூடாது என்று ராஜஸ்தான் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆக, மாநகராட்சியோ பேரூராட்சியோ நிதி இல்லை என்று சொல்லிக் கீழ்ப்படியை மீற வழியே இல்லை.

கூலிக் கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த தூத்துக்குடியில், 1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார்கள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலை தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன பேரணியில் தாமிரபரணிக் கரையில் 17 பேர் இறந்தார்கள். அந்தக் கோரிக்கைகளிலும் கூலி இருந்தது.

எவ்வளவு போதும் என்று எப்படிக் கணக்கிடுவது?

மனம்போன எண் சொல்ல வேண்டியதில்லை. 1957-ல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு சூத்திரம் தந்தது. இன்றுவரை பேச்சுவார்த்தைகளில் அடிப்படை அதுதான். சம்பாதிப்பவர் ஒருவருக்கு மூன்று நுகர்வு அலகுகள்: அவர் 1, வாழ்க்கைத் துணை 0.8, பிள்ளைகள் இருவருக்கும் தலா 0.6. ஓர் அலகுக்கு, சத்துணவு அறிஞர் அய்க்ராய்டு சொன்னபடி, நாளுக்கு 2,700 கலோரி. துணி ஆளுக்கு ஆண்டுக்கு 18 கெஜம், நால்வருக்கு 72 கெஜம். மாதத்துக்கு ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். வாடகைக்கு, அரசின் தொழிலாளர் குடியிருப்புத் திட்டத்தில் உள்ள குறைந்தபட்சப் பரப்பளவு வீட்டின் வாடகை. எரிபொருள், விளக்கு, இதர செலவு ஆகியவை மொத்த ஊதியத்தில் 20 சதவீதம். பிறகு, 1991-ல் முடிவான ராப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் கல்வி, மருத்துவம், பண்டிகை, திருமணம், முதுமை ஆகியவற்றுக்காக மொத்தத்தில் இன்னும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது.

ஏழாவது மத்திய ஊதியக் குழு 18,000 ரூபாய் என்ற அடிச்சம்பளத்துக்கு வந்து சேர்ந்ததும் இந்தச் சூத்திரத்தின் வழிதான். அது எடுத்துக்கொண்ட சாப்பாட்டு அளவுகளை வைத்து நாமும் போட்டுப் பார்க்கலாம். விலைகளை, கணக்கு புரிவதற்காக, சுற்று எண்களில் வைத்திருக்கிறோம். உங்கள் கடைச் சீட்டில் உள்ள விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று அலகுக் குடும்பத்துக்கு மாதம் அரிசி, கோதுமை சேர்த்து 42.75 கிலோ, கிலோ 50 ரூபாய் வீதம் 2,137. பருப்பு 7.2 கிலோ, 130 வீதம் 936. கீரையும் காய்கறியும் 27 கிலோ, 45 வீதம் 1,215. பழம் 10.8 கிலோ, 70 வீதம் 756. பால் 18 லிட்டர், 50 வீதம் 900. சீனியும் கருப்பட்டியும் 5 கிலோ சொச்சம், 252. எண்ணெய் 3.6 கிலோ, 180 வீதம் 648. முட்டை 90, ஆறு ரூபாய் வீதம் 540. மீன் இரண்டரை கிலோ, 250 வீதம் 625. சாளையும் நெத்திலியும் என்றால் இது கட்டும், சீலா என்றால் கட்டாது. கறி 5 கிலோ, கோழி விலையில் 1,250. கூட்டினால் 9,260 ரூபாய் அளவுக்கு வருகிறது. துணி ஐந்தரை மீட்டர், 200 வீதம் 1,100. வாடகை 4,000 என்று வைப்போம். மொத்தம் 14,360.

இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 20 சதவீதம் என்பது 'மொத்தத்தில்' 20 சதவீதம். அப்படியானால் 14,360 என்பது மொத்தத்தின் 80 சதவீதம், 0.8-ஆல் வகுத்தால் 17,950 வரும். இதை விட்டுவிட்டு 14,360-ன் மேல் 20 சதவீதம் ஏற்றினால் 17,232-தான் வரும். அடுத்த 25 சதவீதத்திலும் இதே கதை. 17,950-ஐ 0.75-ஆல் வகுத்தால் 23,933. தவறான வழியில் 17,232-ன் மேல் கால் பங்கு ஏற்றினால் 21,540. ஒரே கடைச் சீட்டு, ஒரே வாடகை. வகுப்பதற்குப் பதில் ஏற்றியதால் மாதம் 2,393 ரூபாய் காணாமல் போகிறது. பேச்சுவார்த்தை மேசையில் எதிர்த்தரப்பின் தாளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரிதான்.

மாதத் தொகையை நாட்கூலியாக்க 26-ஆல் வகுப்பது வழக்கம். வார விடுமுறை நான்கும் சம்பளத்துக்குள் அடங்கியவை என்பதே அதன் பொருள். நம் எடுத்துக்காட்டில் 23,933-ஐ வகுத்தால் நாளுக்கு 920 ரூபாய்.

இது எட்டாத தொகை என்று சிலருக்குத் தோன்றும். மாநில அரசின் நிரந்தர ஊழியரில் கடைசி நிலையின் தொடக்கச் சம்பளம் 15,700. 2025 ஜூலைக் கணக்கில் 58 சதவீத அகவிலைப்படி 9,106 சேர்ந்தால் 24,806. வீட்டு வாடகைப்படி அதற்கு மேல். அரசே தன் கடைநிலை ஊழியருக்கு ஏற்றுக்கொண்ட தொகையின் பக்கத்தில்தான் நம் கணக்கும் வந்து நிற்கிறது.

ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறதே, மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வருகிறதே, அவற்றைக் கழிக்கக் கூடாதா என்ற கேள்வி எப்போதும் வரும். கழிக்கக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. அவை குடிமக்களுக்கு அரசு தரும் உதவி. அதைச் சம்பளத்தில் கழித்தால், உதவி ஏழைக் குடும்பத்துக்குப் போகாமல் கூலி கொடுப்பவரின் கணக்குக்குப் போய்ச் சேரும். சூத்திரத்தின் குறை வேறு பக்கம் இருக்கிறது: வயதான தாய் தந்தைக்கு அதில் இடமே இல்லை. நம் ஊர்களில் அவர்கள் இல்லாத வீடு எத்தனை? குறைந்தபட்ச ஊதியத்தை ஆராய்ந்து 2019-ல் மத்திய அரசுக்கு அறிக்கை தந்த சத்பதி குழு அலகுகளை 3.6 ஆக உயர்த்தியது இதில் ஒரு முன்னேற்றம். ஆனால் கலோரியை 2,400 ஆக அது குறைத்தது.

யாருக்கு எந்த விகிதம்

காலமுறை ஊதியம் பெறும் நிரந்தர ஊழியருக்கு அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுகிறது. விலைவாசி ஏறினால் சம்பளம் கொஞ்சம் பின்னாலாவது வரும். அடுத்து சிறப்புக் காலமுறை ஊதியம். சத்துணவு அமைப்பாளருக்கு 7,700-ல் தொடங்கும் விகிதம், சமையலருக்கு 4,100-ல் தொடங்கும் விகிதம். அகவிலைப்படி உண்டு, ஆனால் அடித்தளம் இவ்வளவு தாழ்வாக இருக்கும்போது சதவீதம் ஏறி என்ன பயன்? 4,100-க்கு 58 சதவீதம் சேர்த்தாலும் 6,478-தான்.

அதற்கும் கீழே தொகுப்பூதியம், மதிப்பூதியம், ஊக்கத்தொகை என்று பெயர் மாறிய சம்பளங்கள். ஊராட்சித் தூய்மைக் காவலருக்கு 3,600-லிருந்து 5,000 ஆக உயர்ந்தது மதிப்பூதியம்தான். 'சம்பளம்' என்று எழுதாததால் 'இவர் தொழிலாளி அல்ல, தொண்டர்' என்று வாதம் எழும்புகிறது. அங்கன்வாடிப் பணியாளர் விஷயத்தில் அந்த வாதம் 2022-ல் ஓரளவு உடைந்தது: அவர்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

துறையே நேரடியாகத் தற்காலிகமாக வைத்த ஊழியருக்கு உச்ச நீதிமன்றத்தின் 2016-ஆம் ஆண்டு ஜக்ஜித் சிங் தீர்ப்பு கைகொடுக்கும். நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையை அதே பொறுப்போடு செய்தால் அந்தப் பதவிக்கான விகிதத்தின் குறைந்தபட்சச் சம்பளம் கேட்கலாம். அது நிரந்தரமாக்கச் சொல்லும் தீர்ப்பல்ல. ஏஜென்சி மூலம் வந்தவர்களுக்கு அப்படியே பொருந்தவும் செய்யாது.

ஏஜென்சி ஆட்களுக்கு முதல் கேள்வி, இது மத்திய அரசின் வரம்பா, மாநில அரசின் வரம்பா என்பது. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம், ரயில்வே ஆகியவை மத்திய வரம்பு. அங்கே மத்திய அரசு அறிவிக்கும் விகிதம் பொருந்தும். பகுதிகள் மூன்று பிரிவு. 2024 அக்டோபர் விகிதப்படி பெருநகரப் பிரிவில் துப்புரவு, சுமை ஏற்றி இறக்குதல் போன்ற வேலைகளில் பயிற்சி தேவைப்படாத பணிக்கு நாளுக்கு 783 ரூபாய், 26 நாளுக்கு 20,358. மற்ற இரண்டு பிரிவுகளில் இதைவிடக் குறைவு. மாநகராட்சி, நகராட்சி, அரசு மருத்துவமனை, மாநிலப் பல்கலைக்கழகம் எல்லாம் மாநில வரம்பு. இங்கே இரண்டு விகிதங்கள் புழங்குகின்றன. ஒன்று, தொழிலாளர் துறை அரசாணையில் அறிவித்த குறைந்தபட்ச ஊதியம். சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து ஏப்ரல் 1-ஆம் தேதி தோறும் அதன் அகவிலைப்படி மாறும். மற்றொன்று, மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் தினக்கூலி. ஆட்சியர் விகிதம் கூடுதலாக இருக்கலாம். குறைந்தபட்ச ஊதியத்தைவிடக் கீழே போக முடியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எஸ்டிமேட்: எல்லாம் முடிவாகும் தாள்

காண்ட்ராக்டர் நல்லவரா கெட்டவரா என்பதில் கவனம் போவதால் உண்மையான இடம் தப்பிவிடுகிறது. டெண்டர் விடுமுன் துறை தயாரிக்கும் மதிப்பீட்டில், அதாவது எஸ்டிமேட்டில், ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் தொழிலாளி கைக்கு வர வாய்ப்பே இல்லை. அரிசி அளந்த பிறகுதான் உலை வைக்கிறோம். அளந்தது குறைவென்றால் எவ்வளவு பக்குவமாக வடித்தாலும் பந்திக்குப் போதாது.

நாளுக்கு 550 ரூபாய் என்று ஓர் எடுத்துக்காட்டு. 26 நாளுக்கு 14,300. தொழிலாளி பங்காக பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம் 1,716, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் 108. கைக்கு வர வேண்டியது 12,476. இது முறையான பிடித்தம். வேலையளிப்பவர் பங்கு தனி: பி.எஃப். வகையில் காப்பீடு, நிர்வாகச் செலவு உட்பட 13 சதவீதம் 1,859, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் 465. சேர்ந்து 2,324. ஆக ஓர் ஆளுக்கு ஆகும் குறைந்தபட்சச் செலவு 16,624. ஆளொன்றுக்கு இதற்குக் கீழே விலை கேட்ட ஒருவருக்கு வேலை கொடுத்தால், சட்டத்தை மீறாமல் அவர் அதை நடத்த முடியாது. அது கையெழுத்துப் போடும் அன்றே தெரியும். ஆனாலும் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற முறையில் அந்த டெண்டர்தான் ஜெயிக்கிறது.

பிறகு நடப்பது என்ன? வேலையளிப்பவர் பங்கான 2,324-ஐயும் தொழிலாளி சம்பளத்திலேயே பிடிக்கிறார்கள். 12,476 என்பது 10,152 ஆகிறது. 550 ரூபாய் கூலி என்று ஆணையில் இருக்கும். கைக்கு வருவது நாளுக்கு 390. சம்பளச் சீட்டு கொடுக்காததால் எந்தப் பங்கு யாருடையது என்று தொழிலாளிக்குத் தெரிவதில்லை. 'பி.எஃப்.க்குப் பிடிச்சாச்சு' என்ற ஒரே பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

வார விடுமுறையும் இந்தத் தாளில்தான் தொலைகிறது. 100 இடங்களில் தினமும் ஆள் நிற்க வேண்டும் என்றால் மாதம் 3,000 ஆள்நாள். விடுமுறை எடுக்கும் ஒருவர் தருவது 26 நாள். 3,000-ஐ 26-ஆல் வகுத்தால் 115.4; அதாவது 116 பேர் வேண்டும். எஸ்டிமேட்டில் 100 பேர் என்று மட்டும் எழுதினால், மிச்சம் 400 ஆள்நாளும் அந்த நூறு பேரின் ஓய்வு நாளிலிருந்துதான் வரும். ஓய்வு நாளில் வேலை வாங்கினால் மாற்று விடுமுறை தர வேண்டும். வழக்கமான நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. அதற்கும் தாளில் காசு இல்லை.

பில் தாமதம் இன்னொரு ஓட்டை. உள்ளாட்சி இரண்டு மாதம் கழித்து பில் பாஸ் செய்தால், 116 பேருக்கு 16,624 வீதம் இரண்டு மாதத்துக்கு 38 லட்சத்து 56 ஆயிரம் ரூபாயை ஒப்பந்தக்காரர் கைமுதலாகப் போட வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழு பெயரில் வேலை எடுத்திருந்தால் அந்த முதல் ஏது? சம்பளம்தான் காத்திருக்கும். சட்டமோ மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்கச் சொல்கிறது. பில் வந்தால்தான் சம்பளம் என்ற விதி எந்தச் சட்டத்திலும் இல்லை.

இரண்டாண்டு ஒப்பந்தத்தில் ஏப்ரல் அகவிலைப்படி உயர்வுக்கு ஏற்பத் தொகையை உயர்த்தும் ஷரத்து இல்லாவிட்டால், முதலாண்டு சரியாக இருந்த கூலி இரண்டாமாண்டில் சட்டத்துக்குக் கீழே விழுந்துவிடும். யாரும் திருடாமலேயே இது நடக்கும்.

சரியான எஸ்டிமேட் எப்படி இருக்கும் என்றால், கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., மாற்று ஆள், பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, கையுறை, காலணி, மழைக்கோட்டு ஆகியவை போட்டிக்கு அப்பாற்பட்ட மாறாத் தொகைகளாக இருக்கும். பணிக்கொடை ஆண்டுக்கு 15 நாள் கூலி. மாதக் கூலியில் 4.81 சதவீதம் வரும். டெண்டர் கேட்பவர்கள் தங்கள் சேவைக் கட்டணத்தில் மட்டுமே போட்டியிடுவார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1994-ல் தன் ஒப்பந்தக்காரர்கள் வாழ்வூதியம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் போட்டபோது பிடித்ததும் இந்த நுனியைத்தான்: நகர நிர்வாகம் காசு கொடுக்கும் இடத்திலேயே நிபந்தனை.

கூலி நிரந்தரமாகக் குறைகிற வேறு சில வழிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். கூலியை அடிப்படை, படி என்று பிரித்துச் சின்னத் தொகைக்கு மட்டும் பி.எஃப். கட்டுவது பழைய பழக்கம். புதிய தொகுப்புச் சட்டத்தில் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிஞ்சுவது கூலியோடு சேரும். ஏடிஎம் கார்டை மேஸ்திரியோ சூபர்வைசரோ வாங்கி வைத்துக்கொள்வது. வங்கியில் முழுச் சம்பளம் போட்டுவிட்டு ரொக்கமாகத் திருப்பி வாங்குவது. ஏஜென்சி மாறும்போது புதிய பி.எஃப். எண் திறந்து பழைய சேவையைத் துண்டாடுவது. கடைசியாகச் சொன்னது பணிக்கொடையையும் ஓய்வூதியத்தையும் சேர்த்தே கெடுக்கும். யூ.ஏ.என். என்ற பி.எஃப். பொது எண் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒன்றுதான்.

இன்னொரு நுட்பம், தொழிற்சங்கத்தாரும் கவனிக்க மறப்பது. இ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பு 21,000. கூலி உண்மையிலேயே வாழ்வூதிய அளவுக்கு உயர்ந்தால் தொழிலாளி இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே போய்விடுவார். வரம்பைத் தாண்டிய அந்த ஆறு மாதச் சந்தாக் காலம் முடியும்வரைதான் தொடரும். வண்ணாரப்பேட்டை இ.எஸ்.ஐ. மருத்துவமனையும், நோய்க் காலத்தில் கிடைக்கும் 70 சதவீதக் கூலியும் பிறகு நின்றுவிடும். எனவே உயர்வு கேட்கும்போதே மாற்று மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

குறைந்தால் என்ன செய்வது

முதலில் மூன்று தாள்கள் வேண்டும்: உங்கள் வங்கிக் கணக்குப் புத்தகம், உமங் செயலியில் எடுத்த பி.எஃப். பாஸ்புக், நீங்களே எழுதி வைத்த வருகைக் கணக்கு. மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அவர்கள் 22 நாள் போட்டிருக்க, உங்கள் குறிப்பில் 27 நாள் இருந்தால் அதுவே ஆதாரத்தின் தொடக்கம். தேதி, வேலை நேரம், தெரு அல்லது வார்டு, உடன் இருந்தவர் பெயர் என்று அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதியது பார்த்தாலே தெரியும்.

அடுத்து தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க் கட்டணத்தோடு மாநகராட்சி அல்லது துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். 'எங்களுக்கு ஏன் குறைந்த சம்பளம்' என்று கேட்டால் பதில் வராது. அது கேள்வி, ஆவணம் அல்ல. கேட்க வேண்டியவை: ஒப்பந்த நகல், எஸ்டிமேட்டில் ஓர் ஆளுக்கு நிர்ணயித்த தொகையின் பிரிப்பு, குறிப்பிட்ட மாதத்துக்கு ஒப்பந்தக்காரர் கொடுத்த பில், அதோடு இணைத்த பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலுத்திய ரசீதுகள், ஆட்களின் எண்ணிக்கை. இந்த நகல்கள் கையில் வந்ததும் 550-க்கும் 390-க்கும் இடையில் என்ன நடந்தது என்பது வெளிப்படும்.

சட்டத்தில் உள்ள முக்கியமான பிடி இதுதான்: ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் அல்லது குறைத்துக் கொடுத்தால், முதன்மை வேலையளிப்பவர், அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட துறை, அதைக் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் 21-ஆவது பிரிவில் இருந்தது. புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. 'அது காண்ட்ராக்டர் விஷயம்' என்று துறை அதிகாரி சொல்வது தவறு. ஆனால் ஒரு மாற்றம் கவனிக்க வேண்டியது: பழைய சட்டம் 20 பேர் இருந்தாலே பொருந்தியது, புதியதில் அது 50 பேர். சிறு பேரூராட்சிகளில் 30, 40 பேராக வேலை பார்ப்பவர்களுக்கு இது இழப்பு. அவர்களுக்கும் குறைந்தபட்ச ஊதிய உரிமை இருக்கிறது. ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு இல்லை.

கோரிக்கை மனு தொழிலாளர் துறையில் கொடுக்க வேண்டும். மத்திய வரம்பு என்றால் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அமைப்பில். தொழிலாளியோ, அவர் சார்பில் சங்கமோ கொடுக்கலாம். பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் 6 மாதமாக இருந்த கால வரம்பு, புதிய சட்டத்தில் 3 ஆண்டு. குறைந்த தொகையோடு, அதைப் போல் பத்து மடங்குவரை இழப்பீடும் விதிக்க அதிகாரம் உண்டு. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுப்பதும் பயன்தான். கூட்டமாகப் போகும்போது துறைக்கு அழுத்தம் வரும், மனு எண்ணும் கிடைக்கும். ஆனால் அது சட்டப்படியான கோரிக்கை மனுவுக்கு ஈடாகாது. அதை மட்டும் நம்பி இருந்தால் கால வரம்பு ஓடிப்போகும். இரண்டையும் செய்யுங்கள்.

இவை எல்லாம் போன சம்பளத்தை மீட்கும் வழிகள். வரும் சம்பளத்தை உயர்த்த, டெண்டர் அறிவிப்பு வருவதற்கு முன்பே நகர வேண்டும். எஸ்டிமேட் மாநகராட்சி மாமன்றத்துக்கோ நகராட்சி, பேரூராட்சி மன்றத்துக்கோ ஒப்புதலுக்கு வரும். அந்தக் கூட்டப் பொருளில் அது இருக்கிறதா என்று வார்டு கவுன்சிலரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வந்ததும் அவர் எழுப்ப வேண்டிய கேள்விகள் நான்கு: ஓர் ஆளுக்கான தொகை எந்த ஆண்டு விகிதப்படி போடப்பட்டது? வார விடுமுறைக்கு மாற்று ஆள் சேர்ந்திருக்கிறதா? ஏப்ரல் உயர்வுக்கு ஷரத்து இருக்கிறதா? சேவைக் கட்டணம் தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா, அல்லது கூலியோடு கலந்து ஒரே தொகையாக ஏலத்துக்குப் போகிறதா? பதிலைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பின்னால் தொழிலாளர் துறைக்குக் கொடுக்கும் மனுவோடு இணைக்க அந்த நகல் வேண்டியிருக்கும்.